கொடிமரத்தடியில் எடுத்த படம்

மேல் டிவிசன்,
கந்தேநுவர வழி,
மாத்தளை.
18.06.2008

அன்புள்ள மார்ஜரி அத்தைக்கு,

ஆண்டவர் கிருபையில் அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். உங்கள் கால் வீக்கம் வற்றியதா? வரிசையில் நிற்கப் போகும் நாளிலாவது தைலம் பூசிக்கொண்டு போங்கள்.

ஞாயிற்றுக்கிழமை நம் அந்தோனியார் திருநாள் நடந்தது. வெடி கொளுத்த இம்முறை அனுமதி இல்லை. சப்பரம் சத்தமில்லாமல் தோட்டத்து லய வீடுகளைச் சுற்றி வந்தது. பூசை முடிந்ததும் வழக்கம்போலக் கொடிமரத்தடியில் குடும்பப் படம் எடுத்தோம். பாடசாலையில் இரவல் வாங்கிய டிஜிட்டல் கமராவைக் கபிரியேல் அண்ணனிடம் கொடுத்தேன். யாரும் சொல்லாமலே அப்பா தன் பக்கத்தில் ஓர் ஆள் நிற்க இடம் விட்டு நின்றார். "கிட்ட வாங்கண்ணே, நடுவுல எடம் விழுது" என்றார் கபிரியேல் அண்ணன். அப்பா அசையவில்லை.

உயர்தரத்துக்கு ஊடகப் பாடம் எடுக்கிறேன் அல்லவா, அதற்கு ஒரு செயற்றிட்டம் செய்ய வேண்டும். 'ஒரு குடும்பத்தின் திருநாள்' என்று தலைப்பு வைத்திருக்கிறேன். எங்கள் மஸீனா டீச்சர் கணினியில் படங்களைத் திருத்தப் பழக்குகிறார். பெப்ரவரி ஒன்பதாம் திகதி கிறிஸ்தோபர் அத்தானை வேலை செய்த இடத்திலிருந்து வெள்ளை வேனில் ஏற்றிக்கொண்டு போனதிலிருந்து நீங்கள் மகனைத் தேடிக் கொழும்பில் அலுவலகம் அலுவலகமாக அலைகிறீர்கள். நான் இங்கே படம் பழகுகிறேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது.

உங்களுக்காகச் செபமாலை சொல்கிறோம்.

அன்பு மருமகள்,
அஞ்சலா

*

கன்னியர் மடம்,
கொட்டாஞ்சேனை,
கொழும்பு.
02.07.2008

அன்பு மருமகள் அஞ்சலாவுக்கு,

சேசுவுக்குத் தோத்திரம். நான் இருக்கிறேன். கால் வீக்கம் காலையில் வற்றும், மாலையில் வரும். அதுவும் எனக்குத் துணைதான்.

முதலில் ஒரு திட்டு. உன் கடிதத்தின் உறை ஓரம் பிரித்து ஒட்டியது போல இருந்தது. வேன், திகதி, பெயர் என்று எல்லாவற்றையும் கோயில் அறிவித்தல் மாதிரி எழுதுவாயா? இங்கே சிஸ்டர்மார் போனில்கூட ஒன்றும் பேச விடுவதில்லை. எதையும் சுற்றி வளைத்துச் சொல்லு. உன் அப்பனையே இடுப்பில் சுமந்து வளர்த்தவள் நான், எனக்கு விளங்கும்.

முறைப்பாடு கொடுத்த அலுவலகத்தில் என் இலக்கம் 317. உள்ளே இருப்பவர்களின் பெயர்ப் பட்டியல் அவ்வப்போது வரும். அப்போது இலக்கப்படி கூப்பிட்டு, நம் ஆள் அதில் இருக்கிறாரா என்று பார்த்துச் சொல்வார்களாம். இதுவரை 290 வரை கூப்பிட்டிருக்கிறார்கள். இலக்கம் தவறினால் கடைசியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். அதனால் காய்ச்சல் என்றாலும் போய்விடுகிறேன்.

வரிசையில் எனக்கு முன்னால் ஹமீமா என்று ஒருவர் நிற்பார். போன மாதம் வரவே இல்லை. பிறகு சந்தையில் கண்டேன். அவர் மகன் கலேவெலவில் மாமா வீட்டில் ஒளிந்திருந்தானாம். பெற்ற தாய்க்கும் சொல்லவில்லை. ஒரு கலியாணப் படத்தை மட்டும் அனுப்பியிருக்கிறார்கள். ஓரத்தில் அவன் நிற்கிறான்! "கடிதத்துல எழுதேலுமா? படம் பேசுமே" என்றார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பொறாமைப்பட்டேன், சொன்னால் என்ன.

திருநாள் படத்தை அனுப்பு. உங்களையாவது பார்க்கிறேன்.

அத்தை,
மார்ஜரி

*

மாத்தளை.
14.07.2008

மதிப்புக்குரிய மஸீனா டீச்சர் அவர்களுக்கு,

வணக்கம். செயற்றிட்டத்தில் பயன்படுத்திய டிஜிட்டல் கருவிகள் பற்றிய மீள்நோக்கைக் கடிதமாக எழுதச் சொன்னீர்கள். உங்கள் கேள்விகளின் வரிசைப்படியே எழுதுகிறேன்.

கமரா: திருநாளன்று மட்டும் 114 படங்கள் எடுத்தேன். பிலிம் கமராவில் முப்பத்தாறுக்குள் முடிக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் கை கூசும். இதில் கூசவே இல்லை. பிடிக்காததை அழிக்கலாம் என்பதால் யோசிக்காமல் எடுத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

கணினி: கொடிமரத்தடிப் படத்தில் என் அத்தையின் மகன் கிறிஸ்தோபரைச் சேர்த்தேன். அவர் இப்போது எங்களோடு இல்லை, அந்தக் காரணம் உங்களுக்குத் தெரியும். போன நத்தாருக்கு, டிசம்பரில் அவர் வந்தபோது அவருடைய போனில் நான் எடுத்து, அவர் பிறகு எனக்கு மின்னஞ்சலில் அனுப்பிய படம் ஒன்று இருந்தது. வீட்டில் வேறு யாரும் பார்த்ததில்லை. உருவத்தின் விளிம்பைச் சுற்றி வெட்டித் தனி லேயரில் வைத்தேன். அவர் போட்டிருந்த சிவப்புச் சேட்டை வெள்ளையாக்கினேன். அப்பா விட்ட இடம் கொஞ்சம் போதவில்லை. அதனால் உயரத்தை அப்படியே விட்டு, அகலத்தை மட்டும் நூற்றுக்கு 92 வீதமாகக் குறைத்தேன். படத்தின் கீழோரத்தில் கமரா பதித்திருந்த திகதியை அவருடைய சப்பாத்து மறைத்தது. அதே செம்மஞ்சள் நிறத்தில் 15 06 2008 என்று மேலே திரும்ப எழுதினேன்.

கஷ்டமான வேலை எது என்று கேட்டீர்கள். வெட்டுவது இலகு. நிழல்தான் கஷ்டம். எல்லாருடைய நிழலும் இடப்பக்கம் விழுந்தது, அவருடையதும் விழ வேண்டும். அதற்கு மட்டும் இரண்டு நாள் எடுத்தது. பாடசாலைக் கண்காட்சிக்கு வந்த விருந்தினர் மூன்று தரம் பார்த்தும் சேர்த்ததைக் கண்டுபிடிக்கவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

கடைசிக் கேள்வி, இந்தக் கருவிகளால் யாருக்காவது பாதிப்பு உண்டா என்பது. எங்கள் செயற்றிட்டத்தால் யாருக்கும் எந்தப் பாதிப்பும் இல்லை.

இப்படிக்கு,
கீழ்ப்படிதலுள்ள மாணவி,
இ. அஞ்சலா

*

மேல் டிவிசன்,
மாத்தளை.
20.07.2008

அன்புள்ள அத்தைக்கு,

நாங்கள் சுகம். நீங்களும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன்.

கேட்ட படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். பெரிதாகப் போடச் சொல்லி டவுன் ஸ்டூடியோவில் எடுத்தது. மடித்துவிடாதீர்கள். பார்த்தால் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைக்கிறேன். சுற்றி வளைத்து எழுதச் சொன்னீர்கள், எனக்கு அது வராது. அதனால் படத்தைப் பற்றி மற்றதை நேரில் சொல்கிறேன்.

அன்பு மருமகள்,
அஞ்சலா

*

கொட்டாஞ்சேனை.
29.07.2008

என் தங்கமே அஞ்சலா,

சேசுவுக்கும் மரியாயிக்கும் கோடி தோத்திரம். சுகம் கேட்டு எழுதுவதை இன்று மறந்தே போனேன்.

வியாழக்கிழமை காலை மடத்துச் சமையலறையில் போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தேன். சிஸ்டர் உறையைக் கொண்டு வந்து தந்தார். பார்த்தேன். திகதியையும் பார்த்தேன். அதற்கு மேல் ஒன்றும் எழுத மாட்டேன். அழுதேன் என்று மட்டும் எழுதலாம், அதில் குற்றமில்லை. சிஸ்டர் கேட்டதற்கு வெங்காயம் என்றேன். மேசையில் வெங்காயமே இல்லை.

ஏன் இத்தனை நாள் மறைத்தீர்கள் என்று கேட்கப் போவதில்லை. ஹமீமா வீட்டிலும் அப்படித்தானே செய்தார்கள். நான் ஓட்டைவாய் என்று உன் அப்பனுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அவன் போன் எடுத்தபோதும் நான் வாயைத் திறக்கவில்லை. "மழை பேயுதாடா?" என்று மட்டும் கேட்டேன். "பேயுதுக்கா, நல்லா பேயுது" என்றான். என்ன நடிப்பு நடிக்கிறான் பார்!

திருநாளுக்கு வந்த விருந்தாளி மெலிந்து போய்விட்டார். கன்னம் ஒட்டியிருக்கிறது, தோளும் ஒடுங்கிவிட்டது. எங்கெங்கே என்னென்ன பட்டாரோ. உன் அம்மாவிடம் சொல்லி முட்டை கொடுக்கச் சொல்லு. பார்சலில், கரைத்துக் குடிக்க ஒரு மோல்ட் டின்னும் நீல நிறச் சேட் ஒன்றும் அனுப்புகிறேன். கழுத்தளவு பதினைந்து, ஆனால் இப்போது பெரிதாக இருக்குமோ என்னவோ.

நீ கெட்டிக்காரி. உன்னைப் பெற்ற வயிறு நன்றாக இருக்க வேண்டும்.

அத்தை

*

மேல் டிவிசன்,
மாத்தளை.
11.08.2008

அன்புள்ள அத்தைக்கு,

நாங்கள் சுகம். உங்கள் சுகத்தை அறிய ஆவல்.

பார்சல் கிடைத்தது. டின்னையும் சேட்டையும் என் உடுப்பு அலுமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். மெலிவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். படத்தைப் பற்றி நேரில்தான் சொல்ல வேண்டும். டிசம்பர் விடுமுறையில் வருவேன்.

தவணைப் பரீட்சை நெருங்குகிறது. அதனால் நீளமாக எழுத முடியவில்லை, மன்னியுங்கள்.

அஞ்சலா

*

கொட்டாஞ்சேனை.
23.08.2008

அன்பு மருமகளுக்கு,

ஆண்டவர் காப்பாராக. நான் நல்ல சுகம். கால் வீக்கம்கூட இல்லை. ராத்திரி படுத்தால் விடிந்துதான் எழும்புகிறேன். சிஸ்டர் கேலி செய்கிறார், "மார்ஜரிம்மா கொறட்டையில சுவாமி அறைக் கதவே ஆடுது" என்று.

உன் கடிதம் சுருக்கமாக இருந்தது. அப்படித்தான் எழுத வேண்டும், பழகிவிட்டாய்.

ஒரு காரியம் செய்திருக்கிறேன், உன் அப்பனுக்கும் நிம்மதியாக இருக்கும். சந்தேகம் வராமலிருக்க நான் வரிசைக்குப் போவதை நிறுத்தவில்லை. போன வாரம் அலுவலகத்தில் எழுத்தர் ஒருவர், "சொந்தக்காரங்க மாத்தள பக்கம்தானேம்மா? அங்கயும் ஆள் அனுப்பி விசாரிக்கப் போறாங்க" என்றார். விருந்தாளி இருக்கிற வீட்டுக்கு நானே ஆள் அனுப்புவதா? திங்கட்கிழமை காலையிலேயே போனேன். மகன் வெளியூரில் வேலைக்குப் போன இடத்திலிருந்து கடிதம் போட்டுவிட்டான், இனித் தேட வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். என் கண் முன்னாலேயே 317ஐச் சிவப்புப் பேனாவால் வெட்டினார்கள்.

வெளியே வந்து ஓர் இளநீர் குடித்தேன். ஆறு மாதத்துக்குப் பிறகு வாயில் ஒன்று இனித்தது.

நான் இப்போதைக்கு மாத்தளைக்கு வரமாட்டேன். என் பின்னால் யாராவது வந்துவிட்டால்? விருந்தாளியிடம் அம்மா கோபமாக இல்லை என்று மட்டும் சொல்லு.

அத்தை,
மார்ஜரி

*

மாத்தளை.
29.08.2008

மதிப்புக்குரிய டீச்சர்,

நேற்று அத்தையிடமிருந்து வந்த கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். வாசித்தால் விளங்கும். கண்காட்சியில் முதலிடம் கிடைத்த படத்தை எடுத்து ஒளித்து வையுங்கள், அல்லது கிழித்துப் போடுங்கள். சான்றிதழையும் திருப்பித் தருகிறேன்.

மீள்நோக்கின் கடைசிப் பதிலை வெட்டிவிடுங்கள். பாதிப்பு உண்டு. நான் அகலத்தைக் குறைத்ததை அவர் பட்டினி என்று நினைத்து மோல்ட் டின் அனுப்பினார். நான் கணினியில் எழுதிய திகதியை நம்பி முறைப்பாட்டை வாபஸ் வாங்கிவிட்டார். நிழலுக்கு இரண்டு நாள் செலவழித்தேனே டீச்சர், ஒரு வரி எழுத எனக்கு ஒரு நிமிடம் கிடைக்கவில்லை.

அத்தைக்கு நாளைக்கு எழுதப் போகிறேன். அலுவலகத்துக்கு என்ன கொடுக்க வேண்டும், அதைச் சிங்களத்தில் எப்படி எழுத வேண்டும் என்று சொல்லித் தாருங்கள்.

அஞ்சலா

*

மேல் டிவிசன்,
மாத்தளை.
30.08.2008

அத்தை,

சுகம் விசாரிக்க எனக்கு வாய் இல்லை.

சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். யார் பிரித்து வாசித்தாலும் வாசிக்கட்டும். கிறிஸ்தோபர் அத்தான் திருநாளுக்கு வரவில்லை. எங்கள் வீட்டில் யாரும் ஒளிந்திருக்கவில்லை. பெப்ரவரிக்குப் பிறகு நாங்கள் அவரைக் கண்டதே இல்லை. போன நத்தாருக்கு எடுத்த படத்திலிருந்து அவரை வெட்டி எடுத்து, கணினியில் நான் சேர்த்தேன். இடம் போதாததால் ஒடுக்கினேன். அவர் மெலியவில்லை அத்தை, நான்தான் ஒடுக்கினேன். திகதியும் நான் எழுதியது.

படத்தை உறையில் போடும்போது பின்பக்கத்தில் 'இது கணினியில் சேர்த்தது' என்று பென்சிலால் எழுதினேன். பிறகு அழித்துவிட்டேன். எழுதினால் படத்தின் அழகு போய்விடும் என்று நினைத்தேன். நீங்கள் பார்த்து அசந்துபோக வேண்டும், என் கெட்டித்தனத்தைச் சொல்ல வேண்டும் என்ற ஆசை. ஹமீமா அம்மாவின் கதையை நீங்கள் எழுதியிருந்தும் எனக்கு அது உறைக்கவில்லை. ஜூலைக் கடைசியில் நீங்கள் எழுதிய கடிதம் வந்தபோது எல்லாம் விளங்கிவிட்டது. அன்றைக்கே எழுதியிருந்தால் உங்கள் இலக்கம் இருந்திருக்கும். நீங்கள் சந்தோசமாக இருக்கிறீர்கள், அதைக் கெடுக்க வேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். நான் பயந்தேன்.

அப்பாவிடம் இன்று சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன், அடிக்கவில்லை. ஸ்டூடியோவில் எடுத்த இன்னொரு பிரதியைக் கேட்டு வாங்கி, நெடுநேரம் பார்த்தார். "நான் விட்டு வச்ச எடத்துல ஆள நிப்பாட்டச் சொல்லி ஒனக்கு யாருடி சொன்னது?" என்றார். பிறகு வெளியே போய்விட்டார்.

உடனே அலுவலகத்துக்குப் போங்கள் அத்தை. என்னால் என்று சொல்லுங்கள்.

அஞ்சலா

*

மேல் டிவிசன்,
மாத்தளை.
28.09.2008

அன்புள்ள அத்தைக்கு,

ஆண்டவர் உங்களோடு இருப்பாராக.

ஒரு மாதமாகப் பதில் இல்லை. போன கிழமை அப்பா கொழும்புக்கு வந்தபோது நீங்கள் வாசலுக்கு வரவில்லை என்று சொன்னார். என் வாக்குமூலத்தை மட்டும் சிஸ்டர் வாங்கி உள்ளே கொண்டுபோனாராம். மஸீனா டீச்சர் துணையோடு சிங்களத்தில் எழுதியது அது. எந்தக் கருவியால் என்ன செய்தேன் என்று ஒன்றுவிடாமல் அதில் இருக்கிறது.

ஊடகப் பாடத்தை விட்டுவிடுகிறேன் என்றேன். டீச்சர் விடவில்லை. "கெடுத்ததை விளக்கிச் சொல்ல ஓராள் வேணும். நீங்க போய்ட்டா யார் சொல்ற?" என்று கேட்டார்.

திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள்.

அஞ்சலா

*

கொட்டாஞ்சேனை.
26.10.2008

அஞ்சலாவுக்கு,

சேசுவுக்குத் தோத்திரம். கால் மறுபடி வீங்கிவிட்டது. உன் அப்பனுக்கு இருமல் என்று சிஸ்டர் சொன்னார், கொத்தமல்லி அவித்துக் கொடு.

உன் கடிதம் செப்டம்பர் மூன்றாம் திகதி வந்தது. அன்றைக்கே அலுவலகத்துக்கு ஓடினேன். "மகன் கெடச்சிட்டாருன்னு நீங்கதானேம்மா எழுதிக் குடுத்தீங்க?" என்று கேட்டார் அந்த எழுத்தர். நல்ல மனிதர், அவர் மேல் குற்றமில்லை. படம் என்றேன், கணினி என்றேன். அவருக்கு விளங்கவில்லை, எனக்கும் விளங்கப்படுத்தத் தெரியவில்லை. ஆகஸ்ட் கடைசியில் ஒரு பட்டியல் வந்ததாம். 340 வரை கூப்பிட்டு முடித்துவிட்டார்கள். அதில் என் பிள்ளையின் பெயர் இருந்ததா என்று கேட்டேன். வெட்டிய இலக்கத்துக்குப் பார்க்க முடியாதாம். புது இலக்கம் 604. அதற்கும் உன் வாக்குமூலம் கொடுத்த பிறகுதான் பதிந்தார்கள்.

இப்போது செய்தவளே நேரில் வர வேண்டும் என்கிறார்கள். சேர்த்த படம் என்னிடம் இருக்கிறது. சேர்க்காத படத்தை நீ கொண்டு வா. அலுவலகத்துக்கு ஒன்று, எனக்கு ஒன்று. வரும் திங்களுக்கு அடுத்த திங்கள், காலை ஆறு மணிக்கு வரிசையில் இருக்க வேண்டும். உன் அப்பனோடு முதல் நாளே வந்து மடத்தில் தங்கு. பயப்படாதே என்று நான் சொல்லப் போவதில்லை. பயந்துகொண்டே வா.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் இத்தனை நாள் எடுத்தேன். வரவில்லை. பூசையில் எல்லாரும் பரலோக மந்திரம் சொல்லும்போது, பிறரைப் பொறுப்பதைப் பற்றிய இடம் வந்ததும் வாயை மூடிக்கொள்கிறேன். பக்கத்தில் நிற்கும் சிஸ்டருக்குத் தெரியும். அது எனக்கும் உனக்கும் சுவாமிக்கும் உள்ள காரியம். நாளாகும்.

ஆனால் உன் குற்றம் அல்லாத ஒன்றும் இருக்கிறது. அதை யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன். படம் வந்த நாளிலிருந்து உன் கடிதம் வந்த நாள் வரை எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தொரு நாள். அந்த நாற்பத்தொரு நாளும் நான் வயிறாரச் சாப்பிட்டேன். இரண்டாம் தரமும் சோறு போட்டுக்கொண்டேன். பாட்டு முணுமுணுத்தேன். ராத்திரி முழுக்கத் தூங்கினேன், அஞ்சலா. என் பிள்ளை எந்தச் சுவருக்குள்ளே கிடந்தானோ, யாரைக் கூப்பிட்டானோ, நான் குறட்டை விட்டுத் தூங்கினேன். பெற்றவளுக்கு ஒரு நாளாவது நெஞ்சில் உறுத்தியிருக்க வேண்டாமா? உறுத்தவில்லை.

உன்னை மன்னிக்க நான் இருக்கிறேன். என்னை மன்னிக்க வேண்டியவன் எங்கே இருக்கிறான் என்று கேட்கத்தான், இனி 604ஆம் இலக்கத்தோடு நிற்கிறேன்.

அத்தை,
மார்ஜரி